மின்சாரமா, வீட்டுக்குக் கதகதப்பா? லடாக்கின் நிலத்தடி வெப்பம் எழுப்பும் கேள்வி

புதுதில்லி: நாட்டின் புவிவெப்ப ஆற்றல் குறித்து அண்மை ஆண்டுகளில் நாடாளுமன்றத்தில் கேட்கப்பட்ட கேள்விகளுக்கு மத்திய அரசு அளித்த பதில்களில் இரண்டு எண்கள் திரும்பத் திரும்ப இடம்பெறுகின்றன. ஒன்று 381; மற்றொன்று 10,600. இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம் 2022-இல் வெளியிட்ட வரைபடத் தொகுப்பின்படி, வழக்கத்தைவிட நிலம் அதிக வெப்பத்துடன் காணப்படும் இடங்களின் எண்ணிக்கை 381. அவற்றிலிருந்து பெறக்கூடியதாக மதிப்பிடப்பட்டுள்ள மின்சாரம் 10,600 மெகாவாட்.

இந்த வெப்பத்தால் எத்தனை வீடுகளைக் குளிர்காலத்தில் கதகதப்பாக வைத்திருக்க முடியும் என்ற மூன்றாவது எண் மட்டும் அந்தப் பதில்களில் இல்லை. சமவெளியில் வாழ்வோருக்கு இது பெரிய குறையாகத் தோன்றாது. ஆனால், வெந்நீர் ஊற்றுகளையும் மிகக் கடுமையான குளிரையும் ஒருசேரப் பெற்றுள்ள லடாக்குக்கு அந்த எண்ணே முதன்மையானது.

மத்திய புதிய மற்றும் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகம் 2025 செப்டம்பரில் தேசிய புவிவெப்ப ஆற்றல் கொள்கையை அறிவித்தது. மின் உற்பத்தியோடு, வெப்பத்தை நேரடியாகப் பயன்படுத்துவதையும், நிலத்தின் மேலடுக்கிலிருந்து வெப்பத்தை எடுக்கும் பம்புகளையும் அக்கொள்கை அங்கீகரித்தது. கொள்கை வகுத்தாயிற்று, இனி அளந்து பார்க்க வேண்டும். எதை அளப்பது, எந்த நோக்கத்துக்காக அளப்பது என்பதில்தான் லடாக்கின் எதிர்காலம் அடங்கியிருக்கிறது.

இரு வகை வெப்பம்

"ஆழமற்ற புவிவெப்பம்" என்று நிபுணர்கள் கூறுவது பொதுவாக நிலமட்டத்திலிருந்து சில நூறு மீட்டர் ஆழத்துக்குள் கிடைக்கும் வெப்பத்தை. இதில் இரண்டு வகைகள் உள்ளன.

முதலாவது, எங்கும் கிடைப்பது. மார்கழி விடியலில் கிணற்று நீர் வெதுவெதுப்பாக இருப்பதையும், அதே நீர் கோடையில் குளிர்ந்திருப்பதையும் கிராமத்தில் வளர்ந்த எவரும் அறிவர். தரைக்குக் கீழே 10, 15 மீட்டர் சென்றுவிட்டால் பருவங்களின் தாக்கம் குறைந்து, அவ்வூரின் ஆண்டுச் சராசரி வெப்பநிலையை ஒட்டியே நிலம் நிலைபெற்றுவிடுகிறது. 100 அல்லது 150 மீட்டருக்குத் துளையிட்டு, அதில் குழாயை இறக்கி, உறையாத திரவத்தைச் சுழலவிட்டால் நிலத்தின் வெப்பம் அத்திரவத்தில் ஏறும். வீட்டிலுள்ள குளிர்பதனப் பெட்டி உள்ளிருக்கும் வெப்பத்தை வெளியே தள்ளுவதைப்போல, வெப்பப் பம்பு நிலத்தின் வெப்பத்தை இழுத்து, அதன் அளவை உயர்த்தி, அறைக்குள் விடுகிறது. ஒரு யூனிட் மின்சாரத்தைச் செலவிட்டால் மூன்று யூனிட் அளவுக்கு வெப்பம் கிடைக்கும் என்பதே இதன் சிறப்பு.

இரண்டாவது, சில இடங்களில் மட்டுமே வாய்ப்பது. நிலத்தின் ஆழத்திலிருந்து பாறைப் பிளவுகள் வழியே மேலேறி வரும் வெந்நீர், தரைக்கு மிக அருகிலேயே தேங்கி நிற்கும். இங்கு பம்புகூடப் பல வேளைகளில் தேவைப்படாது. நீரே வீட்டைச் சூடாக்கப் போதுமான வெப்பத்துடன் இருக்கும். இந்தியத் தட்டும் ஆசியத் தட்டும் மோதிக்கொண்ட சிந்து நதித் தடத்தை ஒட்டி லடாக்கில் புகா, சுமாதாங் ஆகிய இடங்களிலும், வடக்கே நூப்ரா பள்ளத்தாக்கில் பனாமிக்கிலும் இத்தகைய ஊற்றுகள் உள்ளன.

இவ்விரு வகைகளையும் ஒரே கணக்கில் சேர்த்துவிட முடியாது. முதல் வகைக்கு லே, கார்கில் போன்ற நகரங்கள் ஏற்றவை. இரண்டாவது வகைக்கு ஊற்று இருக்கும் இடமே களம்.

புகா: அரை நூற்றாண்டுக் காத்திருப்பு

லே நகரிலிருந்து தென்கிழக்கே, கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 4,400 மீட்டர் உயரத்தில் உள்ளது புகா பள்ளத்தாக்கு. வெண்காரமும் கந்தகமும் படிந்த சதுப்பு நிலத்தில் வெந்நீர் கொப்பளித்துக்கொண்டே இருக்கிறது. சில ஊற்றுகளில் நீரின் வெப்பநிலை 84 டிகிரி செல்சியஸ். அந்த உயரத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதால் நீர் கொதிக்கும் நிலையே ஏறக்குறைய அதுதான்.

வெந்நீர் ஊற்றுகளை ஆராய மத்திய அரசு 1966-இல் ஒரு குழுவை அமைத்தது. அதன் தொடர்ச்சியாக 1970-களில் இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம் புகாவில் 34 துளைகளை இட்டது. அவற்றில் மிக ஆழமானதே சுமார் 385 மீட்டர்தான். அந்த ஆழத்துக்குள்ளாகவே 140 டிகிரி வரை வெப்பம் பதிவாயிற்று. நாட்டில் ஆழமற்ற புவிவெப்ப வளம் இவ்வளவு தெளிவாக அளந்து உறுதிசெய்யப்பட்ட இடங்கள் மிகச் சிலவே.

அளந்ததோடு அன்றைய விஞ்ஞானிகள் நின்றுவிடவில்லை என்பது இன்று பலரும் மறந்துவிட்ட செய்தி. ஜம்மு மண்டல ஆராய்ச்சிக் கூடத்தினர், புகாவின் வெந்நீரைக் கொண்டு ஒரு குடிலைச் சூடாக்கிக் காட்டினர். வெண்காரத்தையும் கந்தகத்தையும் சுத்திகரிக்கும் சோதனைகளும் நடந்தன. வெப்பத்தை வெப்பமாகவே பயன்படுத்தலாம் என்பது அப்போதே நிரூபிக்கப்பட்டுவிட்டது. ஆனால், சோதனைக் குடில் ஊராக வளரவில்லை.

இதே இமயமலைத் தொடரின் மறுபக்கத்தில், திபெத்தின் யாங்பாஜிங்கில் சீனா 1977-இல் முதல் புவிவெப்ப மின் உற்பத்திப் பிரிவை இயக்கியது. பின்னர் அதன் நிறுவுதிறன் ஏறத்தாழ 25 மெகாவாட்டாக உயர்ந்து, லாசா நகருக்கு மின்சாரம் சென்றது. அங்கும் தொடக்கத்தில் பயன்பட்டது ஆழம் குறைந்த வெந்நீர்த் தேக்கமே. இரு நாடுகளும் ஏறத்தாழ ஒரே காலத்தில் பணியைத் தொடங்கின. ஒன்று மின்நிலையத்தைக் கண்டது. மற்றொன்றிடம் ஆய்வறிக்கைகள் சேர்ந்தன.

புகாவின் பெயர் மீண்டும் தலைநகரில் ஒலித்தது 2021-இல். அந்த ஆண்டு பிப்ரவரி 6-ஆம் தேதி, ஓஎன்ஜிசி எரிசக்தி மையம், லடாக் யூனியன் பிரதேச நிர்வாகம், லே தன்னாட்சி மலை மேம்பாட்டுக் கவுன்சில் ஆகிய முத்தரப்பினரும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். முதல் கட்டமாக 500 மீட்டர் ஆழம் வரை துளையிட்டு, 1 மெகாவாட் திறனுள்ள முன்னோடி மின்நிலையம் அமைப்பது திட்டம். 2022 இறுதிக்குள் அதை முடிப்பதாகச் சொல்லப்பட்ட கெடு நிறைவேறவில்லை.

மின்சாரமாக்கினால் வீணாவது எவ்வளவு?

1 மெகாவாட் என்ற இலக்கையே சற்று உற்றுநோக்க வேண்டும். நிலக்கரியை எரித்துக் கிடைக்கும் நீராவியுடன் ஒப்பிட்டால் 140 டிகிரி நீர் மென்மையான வெப்பம்தான். இந்த அளவு வெப்பத்தில் இயங்கும் மின்நிலையங்கள், பெறும் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கை மட்டுமே மின்சாரமாக மாற்றுகின்றன. அதாவது 1 மெகாவாட் மின்சாரத்துக்குச் சுமார் 10 மெகாவாட் வெப்பத்தைச் செலவிட வேண்டும். எஞ்சிய 9 பங்கு காற்றிலோ நீரிலோ கலந்துவிடும்.

அந்த 10 மெகாவாட்டை வெப்பமாகவே குழாயில் செலுத்தினால்? கடுங்குளிரில் ஒரு வீட்டைச் சூடாக்க 10 கிலோவாட் தேவை என்று வைத்துக்கொண்டால், 1,000 வீடுகளுக்குப் போதும். மின்சாரம் எடுத்தபின் வெளியேறும் நீரும் குளிர்ந்துவிடுவதில்லை; அதை வீணாக்காமல் வீடுகளுக்கும் பசுமைக் குடில்களுக்கும் திருப்பிவிட்டால் இரண்டு பயனையும் பெறலாம். ஐஸ்லாந்தில் பத்தில் ஒன்பது வீடுகள் புவிவெப்பத்தால் சூடாக்கப்படுகின்றன.

ஆயினும் இதற்கு ஒரு தடை உண்டு. மின்சாரத்தைக் கம்பியில் எவ்வளவு தொலைவுக்கும் அனுப்பலாம். வெந்நீரை அப்படி அனுப்ப முடியாது. புகாவின் நீர் நூறு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள லே நகரின் வீடுகளைச் சூடாக்கப் போவதில்லை. அதன் பயனாளிகள் அருகிலேயே இருக்க வேண்டும். இருக்கவும் செய்கின்றனர். மேய்ச்சல் சமூகமான சாங்பா மக்களின் பிள்ளைகள் தங்கிப் பயிலும் உறைவிடப் பள்ளி புகாவிலேயே உள்ளது. பஷ்மினா ஆடுகளை வளர்க்கும் குடும்பங்கள் சாங்தாங் பீடபூமியெங்கும் வாழ்கின்றன. 2020-இல் கல்வான் மோதலுக்குப் பின் கிழக்கு லடாக்கில் குவிக்கப்பட்ட படையினருக்கும் குளிர்காய எரிபொருள் வேண்டும். இவர்களுக்கான மண்ணெண்ணெயும் டீசலும் மலைக் கணவாய்களைத் தாண்டி லாரிகளில்தான் வந்து சேர்கின்றன.

லே நகரின் கணக்கு வேறு

மக்கள் அடர்ந்து வாழும் லே நகரில் ஊற்று இல்லை. எனவே அங்கு முதல் வகை வெப்பத்தையே நம்ப வேண்டும். லேயின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை 6 டிகிரிக்கு அருகே உள்ளதால், நிலத்தடியும் ஏறத்தாழ அந்த அளவே இருக்கும். இதிலிருந்து எப்படி வீட்டைச் சூடாக்குவது என்ற ஐயம் எழலாம். லட்சக்கணக்கான நிலவெப்பப் பம்புகள் இயங்கும் சுவீடனிலும் நிலத்தடி வெப்பநிலை பல இடங்களில் ஒற்றை இலக்கம்தான். வெளியே காற்று பூஜ்யத்துக்குக் கீழே 15 டிகிரியாக இருக்கும்போது, நிலத்தின் 6 டிகிரி பெரும் செல்வம்.

ஆனால், லேயில் வேறு சில சிக்கல்கள் உள்ளன. கோடையில் அறைகளைக் குளிரூட்டும் ஊர்களில், குளிர்காலத்தில் எடுத்த வெப்பம் கோடையில் நிலத்துக்குத் திரும்புகிறது. லேயில் குளிரூட்டும் தேவை ஏறக்குறைய இல்லை. ஆண்டுதோறும் எடுத்துக்கொண்டே இருந்தால், துளையைச் சுற்றியுள்ள நிலம் படிப்படியாகக் குளிர்ந்து, சில ஆண்டுகளில் பம்பின் திறன் குறையும். லடாக்கில் தாராளமாகக் கிடைக்கும் கோடை வெயிலைக் கொண்டு நீரைச் சூடாக்கி, அதே துளைகள் வழியே நிலத்துக்குள் சேமித்துவைப்பது இதற்கு ஒரு தீர்வு.

அடுத்தது துளையிடும் செலவு. உருளைக் கற்கள் நிறைந்த மண்ணில் 100 மீட்டர் துளையிடுவது எளிதன்று. மூன்றாவது, பம்பை இயக்கத் தேவையான மின்சாரம். லடாக்கின் 45 மெகாவாட் நிமூ-பாஸ்கோ, 44 மெகாவாட் சுடக் ஆகிய இரு நீர்மின் நிலையங்களும், ஆறுகளில் நீர்வரத்து குறையும் குளிர்காலத்தில் உற்பத்தி குன்றிவிடுகின்றன. ஸ்ரீநகர்-லே மின்பாதை 2019 பிப்ரவரியில் தொடங்கப்பட்டபின் நாட்டின் மின்தொகுப்புடன் இணைப்பு கிடைத்துள்ளது. இருக்கும் மின்சாரத்தைச் சாதாரண ஹீட்டர்களில் செலவிடுவதைவிட, மூன்றில் ஒரு பங்கு மின்சாரத்தில் அதே வெப்பத்தைத் தரும் பம்புகளில் செலவிடுவதே சிக்கனம்.

முதலில் மருத்துவமனை, பள்ளி, அரசு அலுவலகம், படைமுகாம் போன்ற பெரிய கட்டடங்களில் தொடங்குவதே உகந்தது. அதற்குமுன், சுவர்களிலும் கூரையிலும் வெப்பம் கசியாமல் தடுப்பது அவசியம். ஓட்டைப் பானையில் நீர் ஊற்றுவதில் பயனில்லை.

நீருக்கும் நிலத்துக்கும் ஆபத்து

2022 ஆகஸ்டில் புகாவில் துளையிடும் பணியின்போது, நிலத்தடி நீர் கட்டுக்கடங்காமல் வெளிப்பட்டு, கழிவுடன் புகா ஓடையில் கலந்தது. அந்த ஓடை சிந்து நதியில் சேர்கிறது. பணி நிறுத்தப்பட்டு, பின்னர் மீண்டும் தொடங்கப்பட்டது. ஆழமற்ற திட்டம் என்பதாலேயே ஆபத்து குறைவு என்று கருதிவிட முடியாது என்பதை அச்சம்பவம் உணர்த்தியது. தேக்கம் தரைக்கு அருகில் இருக்கும்போது, முன்னெச்சரிக்கைக்கான அவகாசமும் குறைவு.

புகாவின் நீரில் போரான், ஆர்செனிக் உள்ளிட்ட தனிமங்கள் கலந்துள்ளன. வெப்பத்தை எடுத்தபின் அந்நீரை நிலத்துக்குள்ளேயே திருப்பிச் செலுத்தியாக வேண்டும். யாங்பாஜிங்கில் கழிவுநீர் ஆற்றில் விடப்பட்டதால் ஏற்பட்ட மாசு ஆய்விதழ்களில் பதிவாகியுள்ளது. புகாவின் சதுப்பு நிலமோ, அரிய பறவையான கருங்கழுத்துக் கொக்கு கூடு கட்டும் இடங்களுள் ஒன்று. சாங்பா மக்களின் மந்தைகளுக்கு மேய்ச்சல் நிலமும்கூட.

லே நகரிலும் கவனம் தேவை. சுற்றுலாப் பெருக்கத்தால் அங்கு ஆழ்துளைக் கிணறுகள் பெருகிவிட்டன. கழிவுநீர்க் குழிகளால் நிலத்தடி நீர் கெடுவதாக ஆய்வாளர்கள் எச்சரித்து வருகின்றனர். வெப்பத்துக்கான துளைகளைச் சுற்றிலும் முறையாகப் பூசி அடைக்காவிட்டால், மேலிருக்கும் மாசு கீழே இறங்க அவையே வழியாகிவிடும்.

முடிவெடுப்பது யார்?

லடாக் 2019 அக்டோபர் 31-இல் சட்டப்பேரவை இல்லாத யூனியன் பிரதேசமாக்கப்பட்டது. 59 ஆயிரம் சதுர கிலோமீட்டர் பரப்புக்கு மக்களவையில் ஓர் உறுப்பினர். நிலம், வேலைவாய்ப்பு ஆகியவற்றுக்குப் பாதுகாப்பு வேண்டும், அரசியல் சட்டத்தின் ஆறாவது அட்டவணையில் சேர்க்க வேண்டும், மாநில அந்தஸ்து வேண்டும் என்ற கோரிக்கைகள் அதன்பின் வலுத்தன. 2025 செப்டம்பர் 24-ஆம் தேதி லேயில் போராட்டம் வன்முறையாக மாறி, நான்கு பேர் உயிரிழந்தனர். அந்தப் போராட்டங்களின் பின்னணியில், தங்கள் நிலத்தில் என்ன அமையும் என்பதைத் தில்லியே தீர்மானிக்கிறது என்ற மனக்குறை உண்டு.

2023 அக்டோபரில் மத்திய அமைச்சரவைக் குழு, லடாக்கில் 13 ஜிகாவாட் புதுப்பிக்கத்தக்க மின்சாரத் திட்டத்துக்கான மின்பாதைக்கு ஒப்புதல் அளித்தது. மதிப்பீடு ரூ. 20,773.70 கோடி. பாங் பகுதியிலிருந்து ஹரியாணா மாநிலம் கைத்தல் வரை 713 கி.மீ. நீளத்துக்கு மின்சாரத்தைக் கொண்டுசெல்வது அதன் நோக்கம். நாட்டுக்குத் தேவையான திட்டம்தான். ஆனால், 2011 கணக்கெடுப்பில் 2.74 லட்சம் மக்களைக் கொண்டிருந்த லடாக், தானே பயன்படுத்த முடியாத அளவு மின்சாரத்தை ஏற்றுமதி செய்யும் நிலமாகவே தில்லியின் வரைபடத்தில் காட்சியளிக்கிறது.

ஆழமற்ற புவிவெப்பம் இந்தக் கணக்குக்குள் அடங்காது. அதைக் கைத்தலுக்கு அனுப்ப முடியாது. எடுத்த இடத்தில்தான் பயன்படுத்த முடியும். அதனாலேயே அது பெரிய முதலீட்டாளர்களைக் கவரவில்லை. அதனாலேயே உள்ளூர் மக்களின் ஒப்புதலைப் பெறும் வாய்ப்பும் அதற்கு அதிகம்.

என்ன அளக்க வேண்டும்?

மத்திய அமைச்சகத்தின் ஆராய்ச்சி மேம்பாட்டுத் திட்டத்தின்கீழ், அரசு மற்றும் லாப நோக்கற்ற ஆய்வு நிறுவனங்களுக்கு முழுச் செலவையும், தொழில் நிறுவனங்களுக்கு 70 சதவீதம் வரையும் நிதியுதவி அளிக்க வழி உள்ளது. இப்பணத்தைக் கொண்டு லடாக்கில் செய்ய வேண்டிய முதல் வேலை மற்றொரு மெகாவாட் மதிப்பீடு அன்று.

லே, கார்கில் நகரங்களில் சில சோதனைத் துளைகள் போதும். குழாயில் வெந்நீரை இரண்டு, மூன்று நாள்கள் தொடர்ந்து சுழலவிட்டு, நிலம் அதை எவ்வளவு விரைவாக உள்வாங்குகிறது என்று பார்த்தால், ஒரு மீட்டர் துளையிலிருந்து எத்தனை வாட் வெப்பம் கிடைக்கும் என்பது தெரிந்துவிடும். அத்துடன் நிலத்தடி நீரின் மட்டம், ஓட்டம், பாறையின் தன்மை, குடிநீர்க் கிணறுகளின் இருப்பிடம் ஆகியவற்றைச் சேர்த்து, எங்கு துளையிடலாம், எங்கு கூடாது என்று வரைபடம் தயாரிக்க வேண்டும். புகா, சுமாதாங், பனாமிக் ஆகிய இடங்களில், ஊற்றைச் சுற்றிச் சில கிலோமீட்டருக்குள் எத்தனை வீடுகள், பள்ளிகள், முகாம்கள் உள்ளன, அவற்றின் குளிர்கால வெப்பத் தேவை எவ்வளவு, எவ்வளவு நீரை எடுத்தால் தேக்கம் வற்றாது என்று கணக்கிட வேண்டும். மேய்ச்சல் பாதைகளும் பறவைகள் கூடு கட்டும் காலமும் அக்கணக்கின் பின்னிணைப்பாக அன்றி முதல் பக்கத்திலேயே இடம்பெற வேண்டும். மலைக் கவுன்சில்கள் கையெழுத்திட மட்டும் அழைக்கப்படாமல், இந்த ஆய்வின் வரையறையை வகுப்பதிலேயே பங்கேற்க வேண்டும்.

இவை எதற்கும் புதிய தொழில்நுட்பம் தேவையில்லை. 1970-களில் 34 துளைகளை இட்ட அரசுக்கு இது பெரும் செலவும் அன்று. நாடாளுமன்றத்தில் புவிவெப்பம் குறித்து அடுத்த முறை கேள்வி எழுப்பும் உறுப்பினர், எத்தனை மெகாவாட் என்பதோடு, எத்தனை வீடுகள் என்றும் கேட்கட்டும். அதற்குப் பதில் சொல்ல வேண்டிய நிலை வந்தால், அமைச்சகம் அளக்கத் தொடங்கியே தீரும்.